சாவி வெட்டும் வேலைக்கும் நியமனக் கடிதம் வேண்டும்

பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை நகரக் கடைகளில் வேலை தேடித் தோட்டங்களிலிருந்து வரும் இளைஞர்கள் பலர். பூட்டு திருத்தி, சாவி வெட்டும் கடையில் சேர்பவருக்கும் வேலை பெரும்பாலும் வாய்ப்பேச்சிலேயே தொடங்குகிறது. ‘நாளைக்கு வா, பார்த்துத் தருகிறேன்’ என்பதே உடன்படிக்கை.

செக்ரோலில் பெயர் ஏறினால்தான் சேமலாப நிதி என்பது தோட்டத்தில் உழைத்த பெற்றோருக்குத் தெரியும். அதே வீட்டுப் பிள்ளை நகரக் கடையில் ஐந்து வருடம் உழைத்தும், எந்த ஏட்டிலும் பெயரின்றி வெளியேற நேர்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி, வேலையின் விபரங்களை எழுத்தில் கொடுப்பது முதலாளியின் கடமை. அதையும் வேலையில் சேரும் நாளிலேயே கொடுக்க வேண்டும். கடையாக அன்றிப் பட்டறையாக இயங்கும் இடமென்றால் சம்பள நிர்ணய சபையின் விதிகள் பொருந்தலாம். எது பொருந்தும் என்பதைத் தொழில் அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

எந்தச் சட்டம் பொருந்தினாலும், அது தரும் குறைந்தபட்ச உரிமையை உடன்படிக்கை குறைக்க முடியாது. ‘எனக்குச் சேமலாப நிதி வேண்டாம்’ என்று கையெழுத்திட்டுக் கொடுத்தாலும் அது செல்லாது.

கடிதத்தில் இருக்க வேண்டியவை

பெயர், பதவி, ஆரம்பத் திகதி, தகுதிகாண் காலம், அடிப்படைச் சம்பளம், கொடுப்பனவுகள், சம்பளம் தரும் நாள், வேலை நேரம், விடுமுறை, வேலை முடிவுறுத்தும் முறை ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும்.

* சம்பளம்: தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது.
* நேரம்: நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு கொடுப்பனவு.
* விடுமுறை: வாரத்துக்கு ஒன்றரை நாள். இரண்டாம் வருடத்திலிருந்து 14 நாள் வருடாந்த விடுமுறை, 7 நாள் அமய விடுமுறை. போயா தினத்தில் வேலை செய்தால் ஒன்றரை நாள் சம்பளம்.
* நிதியங்கள்: சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதம், முதலாளி 12 வீதம்; ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம். 30,000 ரூபா சம்பளமென்றால் ஊழியரின் பங்கு 2,400 ரூபா, முதலாளி தன் கையிலிருந்து செலுத்துவது 4,500 ரூபா.

‘பழகுகிற பொடியன்’ என்று சொல்லி இந்தப் பங்களிப்பைத் தள்ளிப்போட முடியாது. சம்பளம் பெற்றுத் தொழில் பழகுபவருக்கும் முதல் நாளிலிருந்தே சேமலாப நிதி உண்டு. 16 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைப்பதே குற்றம்.

பூட்டுத் தொழிலுக்கு மேலதிகமாக

இது பிறர் வீட்டுக் கதவைத் திறக்கும் தொழில். எங்காவது திருட்டு நடந்தால் முதல் சந்தேகம் சாவி வெட்டியவர் மீதுதான் விழும். ஆகவே, யாருக்கு, எந்தத் திகதியில், எந்த அடையாள அட்டையைப் பார்த்துச் சாவி வெட்டப்பட்டது என்ற பதிவேட்டைக் கடை வைத்திருக்கும் என்று கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வாடிக்கையாளரின் விபரங்களை வெளியே சொல்லாதிருப்பது ஊழியரின் பொறுப்பு.

இரவில் அழைப்பு வந்தால் போக்குவரத்துச் செலவு யாருடையது, மேலதிக நேரம் எப்போது தொடங்குகிறது என்பதும் எழுத்தில் இருக்கட்டும். கருவிப் பையுடன் நள்ளிரவில் போகும் தமிழ் இளைஞரைப் பொலிஸார் மறித்தால் என்ன நேரும் என்பதை நமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கடையின் முத்திரையிட்ட கடிதமும் அடையாள அட்டையும் அந்த இடத்தில் பேசும்.

கருவிகள் கடையுடையவை என்றால் அவற்றின் பட்டியலை இணைத்து இருவரும் கையெழுத்திட வேண்டும். உடைந்த கருவிக்காக நினைத்தபடி சம்பளத்தில் வெட்ட முடியாது.

சிறிய கடை என்றால்

ஐந்து வருடச் சேவைக்குப் பணிக்கொடை வழங்கும் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டாயம், 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்கே உரியது. இரண்டு மூன்று பேர் உள்ள கடையில் பணிக்கொடை உண்டென்றால் அதைக் கடிதத்தில் எழுதிக்கொள்வதே பாதுகாப்பு. ஆனால் நியாயமற்ற முறையில் நிறுத்தப்பட்டால், கடை எவ்வளவு சிறியதானாலும் தொழில் நியாயசபைக்குப் போகலாம். அதற்குக் கால எல்லை உண்டு, தாமதிக்கக் கூடாது.

கடிதம் தராவிட்டால்?

சம்பளம் வாங்கிய நாட்களையும் தொகையையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். வங்கிப் பதிவு, தொலைபேசிச் செய்தி எல்லாம் சான்றுகளே. அவற்றுடன் தொழில் திணைக்களத்தின் பிரதேச அலுவலகத்தில் முறையிடலாம். தமிழ் அரச கரும மொழி. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். கடிதம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், விளங்கிக்கொள்ளாமல் கையெழுத்திட வேண்டாம்.

இந்தச் சட்டங்கள் பதுளைக்கு மட்டும் உரியவை அல்ல. 1977, 1983 வன்செயல்களில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு, வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறி, பின்னர் போருக்குள் சிக்கிய குடும்பங்களின் பிள்ளைகளும் இன்று கடைகளில் வேலை செய்கிறார்கள். 1948இல் குடியுரிமையை இழந்த மக்களின் வழிவந்தவர்கள் அவர்கள். ஆவணம் இல்லாததன் விலை அந்தக் குடும்பங்களுக்கு நன்றாகவே தெரியும். அடுத்த முறை பிள்ளை வேலைக்குப் போகும்போது, சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு கடிதம் தந்தார்களா என்றும் கேளுங்கள்.