பிரிண்டர் பழுதாகவில்லை, பேச்சு மாறிவிட்டது

2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விண்டோஸ் 11-இன் 23எச்2 பதிப்புக்கு ஓர் அப்டேட் வந்தது. அதை ஏற்றிக்கொண்ட சில கணினிகளில், யுஎஸ்பி கேபிளில் இணைத்திருந்த பிரிண்டர்கள் யாரும் கேட்காமலேயே தாளை இழுத்து அச்சடிக்கத் தொடங்கின. தாளில் இருந்தவை நெட்வொர்க்கில் ஓட வேண்டிய கட்டளை வரிகளும் பொருளற்ற எழுத்துகளும். கண்டவர்கள் வைரஸ் புகுந்துவிட்டதென்று பயந்திருந்தால் அதில் வியப்பில்லை.

அந்தப் பிரிண்டர்கள் இரண்டு மொழி அறிந்தவை. ஒன்று பழைய யுஎஸ்பி அச்சு முறை. இன்னொன்று ஐபிபி என்ற இணைய அச்சு நெறிமுறையை அதே யுஎஸ்பி கேபிள் வழியாகப் பேசும் முறை. அப்டேட்டுக்குப் பிறகு, விண்டோஸில் அச்சு வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் ஸ்பூலர், ஐபிபி செய்திகளையும் அனுப்பிவிட்டது. பிரிண்டர் அவற்றை அச்சிட வேண்டிய வாசகம் என்றே எடுத்துக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் மார்ச் மாத அப்டேட்டில் இதைச் சரிசெய்தது. பிரிண்டரில் ஒரு திருகைக்கூடக் கழற்ற வேண்டியிருக்கவில்லை.

'அப்டேட் போட்டேன், பிரிண்டர் போய்விட்டது' என்று சொல்லிப் புதிதாக ஒன்று வாங்கக் கிளம்புகிறவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். இயங்குதளம் மாறிய அன்றைக்கே ஒரு கருவி நின்றுபோனால், பெரும்பாலும் கருவியின் மீது குற்றமில்லை. கருவிக்கும் இயங்குதளத்துக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்கும் டிரைவரிடம்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

டிரைவர்களில் பல, இயங்குதளத்தின் கருவறையான கெர்னலுக்குள்ளேயே இயங்குபவை. உள்ளே இருப்பதால் வேகம் உண்டு, ஆபத்தும் உண்டு. சாதாரண மென்பொருள் தவறு செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னலில் உள்ள டிரைவர் தவறு செய்தால் கணினியே நீலத்திரையில் போய் நிற்கும். கெர்னலின் உள்ளமைப்பு மாறும்போது, பழைய அமைப்பை நம்பி எழுதிய டிரைவருக்குக் காலடி மண் சரிகிறது.

இதன் பெரிய பாடம் விண்டோஸ் விஸ்டா. 2007 ஜனவரி 30 அன்று பொதுமக்களுக்கு வந்த விஸ்டா, திரைக்கான டிரைவர் அமைப்பையே மாற்றியது. அந்த டிரைவரின் பெரும் பகுதியைக் கெர்னலுக்கு வெளியே நகர்த்தினார்கள். கிராஃபிக்ஸ் சிப் திணறினால் கணினி முழுவதும் விழாமல், டிரைவரை மட்டும் திரும்ப எழுப்பலாம் என்பது நோக்கம். நல்ல மாற்றம்தான், இன்றைக்கு நம் திரை ஒரு நொடி கறுத்துப் பிறகு மீள்வது அதனால்தான். ஆனால் புதிய டிரைவர்கள் பக்குவப்படாமலே கணினிகள் விற்பனைக்கு வந்துவிட்டன. 2007-இல் மைக்ரோசாஃப்டிடம் பதிவான விஸ்டா முடக்கங்களில் ஏறத்தாழ 29 சதவீதம் என்விடியா டிரைவர்களால் ஏற்பட்டவை என்று, பின்னர் அமெரிக்க நீதிமன்ற வழக்கொன்றில் வெளியான ஆவணங்கள் காட்டின. அதே விஸ்டாவின் 64 பிட் பதிப்பு, டிஜிட்டல் கையொப்பம் இல்லாத கெர்னல் டிரைவர்களை வாசலிலேயே நிறுத்தியது. எத்தனையோ ஸ்கேனர்கள் பரணுக்குப் போனது அந்தக் காலத்தில்தான்.

லினக்ஸில் சிக்கல் வேறு வடிவில் வந்தது. 2007-இல் ஃபெடோரா 7 வெளிவந்தபோது, அதுவரை 'எச்டிஏ' என்று அழைக்கப்பட்ட ஹார்டு டிஸ்க் 'எஸ்டிஏ' ஆனது. டிஸ்க் அதே டிஸ்க், பெயரில் ஓர் எழுத்து மட்டும் வேறு. பழைய பெயரைச் சொல்லித் தேடும் அமைப்புக் கோப்பு இருந்தால், கணினி தன் டிஸ்க்கைத் தானே கண்டுபிடிக்க முடியாமல் பாதியில் நிற்கும். தெருப்பெயரை மாற்றிவிட்டால் தபால்காரர் தடுமாறுவதைப் போல. இடத்தையோ வரிசையையோ வைத்துப் பெயரிடாமல், ஒவ்வொரு டிஸ்க் பகுதிக்கும் 32 இலக்கத்தில் மாறாத அடையாள எண் கொடுத்து, அதைக்கொண்டு அழைக்கும் வழக்கம் பரவியதற்கு இத்தகைய தடுமாற்றங்களும் ஒரு காரணம்.

சரி, நம் மேசையில் ஒரு கருவி நின்றுபோனால்? முதலில் கணினியை 'ரீஸ்டார்ட்' செய்யுங்கள். 'ஷட் டவுன்' போதாது. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும் கணினியை ஷட் டவுன் செய்தால் கெர்னலின் நிலை டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அப்படியே திரும்ப ஏற்றப்படும். நேற்றைய குழப்பமும் கூடவே வரலாம். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குகிறது.

அடுத்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து மஞ்சள் முக்கோணம் எங்கே என்று பாருங்கள். பிழை எண் 28 என்றால் டிரைவரே இல்லை. 43 என்றால் கருவியே கோளாறு என்று தெரிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்தியிருக்கிறது. பெயர் தெரியாத கருவி என்று காட்டினாலும் அதன் ஹார்டுவேர் ஐடி யார் பிள்ளை என்று சொல்லிவிடும். கணினிக்கு உள்ளே பொருத்திய கருவியின் தயாரிப்பாளர் எண் 8086 என்றிருந்தால் அது இன்டெல் தயாரித்தது. 1978-இல் வந்த 8086 பிராசஸரின் நினைவாகவே அந்த எண். இந்த ஐடியைக் குறித்துக்கொண்டு தயாரிப்பாளரின் தளத்தில் டிரைவர் தேடுங்கள். எல்லாச் சாதனத்துக்கும் டிரைவர் தருவதாக விளம்பரம் செய்யும் இலவச மென்பொருள்களை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்குவது. டிஸ்க்கில் எதையும் நிறுவாமலே முழு இயங்குதளமும் ஓடும். 64 பிட் விண்டோஸுக்கு மாறியபோது என் பழைய ஸ்கேனர் ஊமையானது. தயாரித்த நிறுவனம் புதிய டிரைவர் எழுதவில்லை, கடைக்காரர் புதிது வாங்கச் சொன்னார். பென்டிரைவில் லினக்ஸைத் தொடங்கியதும், சேன் என்ற கட்டற்ற மென்பொருள் அதை உடனே அடையாளம் கண்டது. விளக்கு எரிந்து, கண்ணாடிக்குக் கீழே அது நகர்ந்த சத்தம் கேட்டபோது வந்த மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. இந்தச் சோதனையில் கருவி இயங்கினால் அது நலமாக இருப்பது உறுதி. இயங்காவிட்டால் எதுவும் நிரூபணமாகவில்லை. லினக்ஸிலும் அதற்கு டிரைவர் இல்லாமல் இருக்கலாம்.

விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், பலரும் இப்போது 11-க்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். மாறியபின் பிடிக்காவிட்டால் பழையதற்குத் திரும்ப விண்டோஸ் வழக்கமாகத் தரும் அவகாசம் 10 நாள். அதன் பிறகு பழைய கோப்புகள் அழிக்கப்பட்டுவிடும். எனவே மாறிய தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து, அந்தப் பத்து நாளுக்குள் பிரிண்டர், ஸ்கேனர், வெப்கேம், புளூடூத் எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.