கோழி இறகைக் கரைக்கும் நொதி

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்கும் வாழைக்கும் உரம் வாங்கிச் சலித்த அங்கத்தினர்கள், கோழி இறைச்சிக் கடைகளில் நாள்தோறும் குவியும் இறகைக் கருதிப் பார்த்ததுண்டா? உலர்ந்த இறகில் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பங்கு தழைச்சத்து உண்டு. 100 கிலோ இறகில் இருப்பது சுமார் 32 கிலோ யூரியாவிலுள்ள தழைச்சத்துக்குச் சமம். ஆயினும் இறகை அப்படியே கொடியின் அடியில் புதைத்தால், அது மாதக்கணக்கில் மட்காது கிடக்கும்.

இறகின் பெரும்பகுதி கெரட்டின் என்னும் புரதம். மயிர், நகம், கொம்பு, குளம்பு, ஆட்டு ரோமம் யாவும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. இதன் இழைகளைக் கந்தக அணுக்கள் இரண்டிரண்டாக இணைந்து இறுகப் பிணைத்துள்ளன. பப்பாளிப் பாலிலுள்ள பப்பெயின் கடின இறைச்சியையும் இளக்கும். இறகிடம் அது தோற்றுவிடும்.

இப்பிணைப்பை மீறிப் புரதத்தைச் சிதைக்க வல்ல நொதியே கெரட்டினேஸ். சில பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் இதனைச் சுரக்கின்றன. படர்தாமரைப் பூஞ்சை நம் தோலிலும் நகத்திலும் பிழைப்பது இதன் துணையால்தான். அமெரிக்காவின் வட கரோலினாவில், கோழி எருவைப் புளிக்கவைக்கும் கலத்திலிருந்து இறகைத் தின்னும் பேசில்லஸ் வகைப் பாக்டீரியா ஒன்றை ஜேசன் ஷீ என்பவரின் குழுவினர் பிரித்தெடுத்து 1990-இல் அறிவித்தனர். இந்நொதிகளுள் பல, சற்றே காரத்தன்மையும் 40 முதல் 60 பாகை வெப்பமும் உள்ள இடத்தில் நன்கு வேலை செய்யும். ஆனால் தூய நொதி தனித்து நின்றால் மெல்லவே செல்லும். கந்தகப் பிணைப்பை அவிழ்க்கச் சல்பைட் போன்றதொரு துணைப்பொருளோ, உயிருள்ள நுண்ணுயிரோ உடனிருத்தல் வேண்டும்.

தோல் தொழிலிலும் இதற்கு இடமுண்டு. பதனிடுமுன் மயிரை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் இடுவது வழக்கம். மயிர் கூழாகிக் கழிவுநீரில் கலந்துவிடும். அக்கழிவால் கிணறுகள் கெட்ட கதை அண்டையிலுள்ள திண்டுக்கல் விவசாயிகளுக்குப் புதிதன்று. வேலூர்ப் பகுதித் தோல் சாலைகள் குறித்து 1996-இல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பளிக்க நேர்ந்தது. நொதியைக் கொண்டு வேரைத் தளர்த்தினால் மயிர் முழுதாகவே கழன்று வரும், சல்பைடும் குறையும். சென்னையில் 1948-இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் நொதியால் மயிர் நீக்கும் முறைகளை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது. தோலுக்கு உறுதி தரும் கொலாஜனை நொதி அரித்துவிடலாகாது, சிக்கல் அங்கேதான். மேலும், கழிவிலுள்ள உப்பையும் குரோமியத்தையும் இது தீர்க்காது.

நூலையும் இது தின்றுவிடுமோ என்று சக்கம்பட்டி நெசவாளர் ஒருவர் கேட்கக்கூடும். பருத்தி செல்லுலோஸால் ஆனது. அதை இந்நொதி தொடாது. பாவின் கஞ்சியை நீக்குவது அமிலேஸ் என்னும் வேறு நொதி. பட்டு புரதமாதலால் அதனருகில் எச்சரிக்கை தேவை. கம்பளியிலோ, அளவாக இட்டால் இழையின் செதில்கள் மழுங்கித் துணி சுருங்குவது குறையும். அளவு மிஞ்சினால் இழையே நைந்துவிடும்.

விவசாயி நொதியை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. மண்ணிலும் சாணத்திலும் இத்தகைய நுண்ணுயிர்கள் இயல்பாகவே உள்ளன. இறகை நனைத்து, மாட்டுச் சாணமும் உலர்ந்த வாழைச் சருகும் மாற்றி மாற்றி அடுக்கி, மூடி வைத்துக் கிளறிவிட வேண்டும். குவியலின் உட்புறம் கை பொறுக்காத அளவு சுட வேண்டும். பச்சை இறகிலுள்ள நோய்க்கிருமிகள் மடிவது அவ்வெப்பத்தினால்தான். இறகின் வடிவம் மறைந்த பின்னரே தோட்டத்தில் இடலாம். சாம்பல்சத்து இதில் மிகக் குறைவு. திராட்சைக்கும் வாழைக்கும் அதனைத் தனியே இட்டாக வேண்டும்.