கல்லூரிக்கும் ரயில், கம்பெனிக்கும் ரயில்

கைத்தறிக்குப் பேர்போன குடியாத்தத்தில் ரயில் நிலையம் ஊரை விட்டுச் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்துத்தான் வர வேண்டும். காட்பாடி, வேலூர் கல்லூரிகளுக்குப் போகிறவர்களுக்குக் கிழக்கே போகும் வண்டி. ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கும் தோல் தொழிற்சாலைகளுக்கும் போகிறவர்களுக்கு மேற்கே போகும் வண்டி. இரண்டு திசையிலும் அன்றாடப் பயணிகள் உள்ள பாதை இது.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்தப் பாதைதான் பிறகு பாலாற்றை ஒட்டி மேற்கே நீண்டு, மலபார் கரையின் பேப்பூர் வரை சென்றது. கடற்கரையிலிருந்து கடற்கரைக்குப் போட்ட நெடுந்தூரப் பாதையை இன்று ஜோலார்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம் மக்கள் புறநகர்ப் பாதையைப் போலப் பயன்படுத்துகிறார்கள்.

முக்கியக் காரணம் காட்பாடி சந்திப்பு. 1984-ல் வேலூர் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2001-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான வி.ஐ.டி. இந்தச் சந்திப்புக்கு அருகில் இருக்கிறது. 2002-ல் உருவான திருவள்ளுவர் பல்கலைக்கழகம் காட்பாடியை அடுத்த சேர்க்காட்டில். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகளும் இங்கேதான் இறங்குகிறார்கள்.

அன்றாடப் பயணிக்கு ஏற்றது மெமு என்னும் மின்சார ரயில். சாதாரண பாசஞ்சரில் எல்லாப் பெட்டிகளையும் ஒரே இன்ஜின் இழுக்கும். மெமுவில் சில பெட்டிகளின் அடியிலேயே மோட்டார்கள் உண்டு. அதனால் நின்ற இடத்திலிருந்து சட்டென்று வேகம் எடுக்கும். இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை இருப்பதால் கடைசி நிலையத்தில் இன்ஜினை மாற்றிப் பூட்டும் வேலையும் இல்லை. லத்தேரி, வளத்தூர், மேல்பட்டி, பச்சகுப்பம் என்று அடுத்தடுத்து நிற்க வேண்டிய பாதையில் இது பெரிய லாபம்.

ஆனால் வண்டி எதுவானாலும் தண்டவாளம் ஒன்றுதான். சென்னையிலிருந்து பெங்களூருக்கும் கோவைக்கும் கேரளத்துக்கும் போகும் எக்ஸ்பிரஸ்களும் சரக்கு ரயில்களும் இதே இரட்டைப் பாதையில்தான் ஓடுகின்றன. அவற்றுக்கு வழிவிட்டு, சின்ன நிலையத்தின் பக்கத் தடத்தில் உள்ளூர் வண்டி ஒதுங்கி நிற்கிறது. முதல் வகுப்பு மணியைத் தவறவிடும் மாணவரும், ஷிப்ட் தொடங்கிய பின் கம்பெனி வாசலுக்கு வந்து சேரும் பெண்ணும் அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

சென்னையின் தெற்குப் பாதை வேறொரு வாய்ப்பைக் காட்டுகிறது. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-லேயே வந்துவிட்டது. சேவை பின்னர் செங்கல்பட்டு வரை நீண்டது. காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டியே பொத்தேரி நிலையம். அங்கே ஒரு வண்டியை விட்டாலும் அடுத்த வண்டி வரும் என்று மாணவர்கள் நம்பலாம்.

மேற்கே காட்பாடித் திசையில் சென்னைப் புறநகர் ரயில் சுமார் 69 கிலோமீட்டரில், அரக்கோணத்தோடு முடிகிறது. அதற்கப்பால் இருப்பவர்களுக்கு மெமுவும் பாசஞ்சரும் ஏலகிரி எக்ஸ்பிரஸ் போன்ற சில வண்டிகளும்தான். சீசன் டிக்கெட் பஸ் செலவை விடப் பல மடங்கு மலிவு. பட்டப்படிப்பு வரை மாணவிகளுக்கு இரண்டாம் வகுப்பு சீசனை ரயில்வே இலவசமாகவே தருகிறது. நேரத்துக்கு வண்டி இருந்தால்தான் அந்தச் சலுகை குடியாத்தத்துப் பெண்ணுக்குப் பயன்படும்.

ஜோலார்பேட்டைக்கும் காட்பாடிக்கும் இடையே சுமார் 84 கிலோமீட்டர். இங்கே காலையிலும் மாலையிலும், கல்லூரி மணிக்கும் கம்பெனி ஷிப்டுக்கும் பொருந்தும்படி இரு திசையிலும் கூடுதல் மெமுக்கள் வேண்டும். ஒவ்வொரு வண்டி வரும் நேரத்துக்கும் குடியாத்தம் நிலைய வாசலில் ஒரு டவுன் பஸ் நிற்க வேண்டும்.