இளங்கரங்களுக்கு இளைப்பாறுதல்



பிள்ளைகளின் திறமை தேவன் அருளிய ஈவு. அந்த ஈவே அவர்களுக்குப் பாரமாக மாறக்கூடுமோ? அமெரிக்க தேசத்தின் பேஸ்பால் மைதானங்கள் இக்கேள்விக்கு விடையளிக்கின்றன.

பேஸ்பாலில் பந்தெறிபவரைப் 'பிட்சர்' என்பர். அவர் முழுபலத்தோடு எறியும் ஒவ்வொரு முறையும் முழங்கையின் உட்புறத்தில் எலும்புகளை இணைக்கும் நார் கடுமையாக இழுபடுகிறது. 1974-ஆம் ஆண்டு டாமி ஜான் என்ற வீரருக்கு அந்த நார் சிதைந்தது. டாக்டர் பிராங்க் ஜோப் அவருடைய மறுகையிலிருந்து நாண் எடுத்துப் பொருத்தினார். 1976-இல் அவர் மீண்டும் விளையாடினார். வளர்ந்த வீரருக்குச் செய்யப்பட்ட அதே அறுவைச் சிகிச்சை, பிற்காலத்தில் பள்ளி மாணவர்களுக்கும் தேவைப்பட்டது வேதனைக்குரியது.

காரணம் என்ன? ஓய்வின்றி எறிவதே முதற்காரணம். 2006-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, ஆண்டில் 8 மாதங்களுக்கு மேல் எறிந்த இளைஞர் அறுவைச் சிகிச்சைக்கு உள்ளாகும் வாய்ப்பு 5 மடங்கு. கை சோர்ந்த பின்னும் வழக்கமாக எறிந்தவருக்கோ 36 மடங்கு!

ஆகவே சிறுவர் அமைப்பான 'லிட்டில் லீக்' 2007-இல் எறிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்தது. 11, 12 வயதினர் ஒரு நாளில் 85 முறைக்கு மேல் எறியலாகாது. 66 அல்லது அதற்கு மேல் எறிந்தால் 4 நாட்கள் ஓய்வு. ஜப்பானிலோ, 2018 கோடைக்காலப் பள்ளிப் போட்டியில் ஒரு மாணவர் 881 முறை எறிந்தார். தேசமே அவரைப் புகழ்ந்தது; மருத்துவர்களோ கவலைப்பட்டனர். 2020 முதல் அங்கும் ஒரு வாரத்திற்கு 500 என்று வரம்பு வந்தது.

யாக்கோபு ஏசாவோடு விரைந்து செல்ல மறுத்ததை நினைவுகூருங்கள். ஒரே நாள் அதிகமாய் ஓட்டினாலும் மந்தை மடியும் என்று அறிந்த அந்தத் தகப்பன், தன் பிள்ளைகளின் நடைக்கு ஏற்றபடியே மெதுவாய்ப் பயணம் செய்தான். அவன் சோம்பேறியல்ல, ஞானமுள்ளவன்.

நகரத்தில் நம் பிள்ளை வேகப்பந்து வீசினாலும் இந்த ஞானம் நமக்கும் தேவை. பள்ளி அணி, கிளப் அணி, விடுமுறைப் பயிற்சி என எல்லாவற்றிலும் அவன் வீசுவதைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஒவ்வோர் அணியின் பயிற்சியாளரும் தம் கணக்கையே அறிவார். முழுக்கணக்கைப் பெற்றோரே அறியக்கூடும். வலியை மறைப்பது விசுவாசமல்ல என்று சொல்லிக்கொடுங்கள். வலி நீடித்தால் ஜெபியுங்கள். மருத்துவரிடமும் தாமதமின்றி அழைத்துச் செல்லுங்கள்.

கோப்பை ஒரு நாளின் மகிழ்ச்சி. பிள்ளையின் கரமோ, அவன் ஆயுள் முழுவதும் உழைக்கவும் ஆண்டவரைத் துதித்து உயர்த்தவும் கொடுக்கப்பட்டது. அதைக் காத்துக்கொள்ளக் கர்த்தர் நமக்கு ஞானம் தருவாராக!