வெள்ளைக்கருச் சுவர்

செட்டிநாட்டு வீடுகளின் உட்சுவரில் பளிங்கு பதித்ததுபோல் மின்னும் வெண்பூச்சு சுண்ணாம்புச் சாந்துதான். பல தலைமுறை கண்ட சுவரிலும் கையை வைத்தால் வழவழப்பும் குளுமையும் குறைந்திருக்காது. இவ்வகைப் பூச்சைக் கம்பெனிக் காலத்து ஆங்கிலேயர்கள் ‘மெட்ராஸ் சுனாம்’ என்று வியந்து எழுதினார்கள். 1821இல் திறக்கப்பட்ட எழும்பூர் புனித ஆண்ட்ரூஸ் ஆலயத்தின் உட்தூண்களில் அதை இன்றும் பார்க்கலாம்.

இதற்கு உகந்தது கிளிஞ்சல் சுண்ணாம்பு. தடாவுக்குக் கிழக்கே விரியும் பழவேற்காடு ஏரியின் அடியில் பழங்காலக் கிளிஞ்சல்கள் படிவங்களாகப் புதைந்து கிடக்கின்றன. அவற்றைத் தோண்டியெடுப்பது அவ்வட்டாரத்தின் பழைய தொழில். கிளிஞ்சலில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். காளவாயில் சுமார் 900 டிகிரி செல்சியஸில் வேகும்போது கரியமில வாயு வெளியேறிவிடும். மிஞ்சும் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். அதை உடனே பூசக் கூடாது. நாள்கணக்கில் ஊற வேண்டும். நீறாத துணுக்கு ஒன்று தங்கினாலும் பிறகு ஈரத்தை இழுத்து உப்பி, சுவரில் குழி விழச் செய்யும்.

முதல் பூச்சில் மணல் அதிகம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைப்பார்கள். அடுத்தடுத்த பூச்சுகள் சன்னமாகிக்கொண்டே போகும். கடைசிப் பூச்சுக்குச் சுண்ணாம்பை மணலின் நெருடல் துளியும் இல்லாமல் மைய அரைத்து, முட்டை வெள்ளைக்கருவும் சில இடங்களில் தயிரும் சேர்ப்பார்கள். புரதம் துகள்களைப் பிணைக்கும். ஈரம் சட்டென வற்றவிடாது. மாக்கல் பொடி தூவி, வழவழப்பான கூழாங்கல்லால் தேய்க்கும் கட்டத்தில்தான் கொத்தனாரின் கைப்பழக்கம் தெரியும். ஈரம் மிகுந்திருந்தால் கல்லோடு பூச்சும் வரும். காய்ந்துவிட்டால் எவ்வளவு தேய்த்தும் பளபளப்பு ஏறாது.

பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல வாங்கி மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக இறுகும். பளிங்கும் அடிப்படையில் அதே பொருள் என்பதால், பார்ப்பவர் மயங்குவதில் பிழையில்லை. ஜெய்ப்பூரின் ஆராயிஷ் பூச்சில் பளிங்குத் தூளே சேர்கிறது. மொராக்கோவின் தடலாக்ட் பூச்சை ஆலிவ் எண்ணெய் சோப்பு தடவிக் கல்லால் மெருகேற்றுகிறார்கள்.

வேலை நீளும், கூலியும் ஏறும் என்பதால், இப்போது கூடத்தில் ஒரு சுவருக்கு மட்டும் இதைச் செய்துகொள்வதுண்டு. அதற்கு வெறும் செங்கல் சுவரே நல்லது. வழவழப்பான சிமெண்ட் பூச்சின்மேல் சரியாகப் பிடிக்காது. மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் சுவரின் ஈரம் வெளியேற வழியின்றிப் பெயிண்ட் உரியும். சமையல் மேடைக்குப் பின்சுவர் மட்டும் வேண்டாம்: புளியும் எலுமிச்சையும் தெறித்த இடமெல்லாம் அரித்து மங்கிவிடும்.