ஜிம்முக்கு வாரம் எத்தனை நாள்?

"சார், தினமும் ரெண்டு மணி நேரம் ஜிம்முக்குப் போறேன். அப்பவும் உடம்பு ஏற மாட்டேங்குது. இன்னும் அதிக நேரம் செய்யணுமா?" மேல்நிலை வகுப்பு மாணவர்களிடமிருந்து இப்போது அடிக்கடி வரும் கேள்வி இது. ஆசிரியர் அறையில் கேட்பதோ வேறு: "தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால்தானே ஜிம்மைப் பற்றி நினைக்கவே முடியும்!" உடற்பயிற்சி என்றால் தினமும் நெடுநேரம் செய்ய வேண்டும் என்று இரு தரப்பினரும் நினைக்கிறார்கள். அதனால் ஒருவர் அளவுக்கு மீறிச் செய்கிறார், மற்றவர் தொடங்குவதே இல்லை.

எடை தூக்கும் நேரத்தில் தசை வளர்வதில்லை. அப்போது தசைநார்கள் சுமையைத் தாங்குகின்றன, களைக்கின்றன. அவை சீராகி வலுப்பெறுவது அதன் பிறகு, உணவும் உறக்கமும் கிடைக்கும்போதுதான். இதற்கு ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு நாள் ஆகும். திங்களன்று கால் தசைகளுக்குக் கடும் பயிற்சி கொடுத்துவிட்டுச் செவ்வாயும் அதையே செய்தால், பாதியில் நிற்கும் வேலையைக் கலைப்பதாகிவிடும். ஆகவே புதிதாகத் தொடங்குபவருக்குத் திங்கள், புதன், வெள்ளி என மூன்று நாள் போதும். இரண்டு நாளாக இருந்தாலும் பலன் உண்டு.

ஒரு நாளைக்கு 45 நிமிடம் தாராளம். முதல் ஐந்து முதல் பத்து நிமிடம் உடலைச் சூடேற்ற வேண்டும். பிறகு ஐந்தாறு பயிற்சிகள். ஒவ்வொன்றையும் 8 முதல் 12 முறை, இரண்டு அல்லது மூன்று சுற்றுகள். கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும், ஆனால் நிலை குலையக் கூடாது. 12 முறை எளிதாகிவிட்டால் எடையைச் சிறிது கூட்டலாம். முன்னேற்றம் இந்தச் சிறு கூட்டலில்தான் இருக்கிறது. இரண்டு மணி நேரம் ஜிம்மில் இருப்பவரின் கணக்கில் கைபேசி பார்க்கும் நேரமும் சேர்ந்தே இருக்கும்!

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு தேவை. வேகநடை போன்றது, நடந்துகொண்டே பேச முடியும், பாட முடியாது. ஓட்டம் போன்ற கடும் பயிற்சியானால் இதில் பாதி நேரம் போதும். இவற்றுடன், தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வாரம் இரண்டு நாளாவது வேண்டும். பத்து நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்ற பழைய விதி இப்போது இல்லை. மாடிப்படி ஏறுவதும் சேரும்.

நாள் முழுவதும் நின்றுகொண்டேதானே பாடம் நடத்துகிறோம் என்று கேட்கலாம். நிற்பதால் கால் வலிக்குமே தவிர, இதயத் துடிப்பு அவ்வளவாக உயராது. முப்பது வயதுக்குப் பின் தசையின் அளவும் மெல்லக் குறைகிறது. உணவுக்குப் பின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது தசைதான். நாற்பதைத் தாண்டிய நமக்கு இது முக்கியம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் நடைப்பயிற்சி போன்றவற்றில் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்கலாம். ஜிம் இல்லாத ஊரில், சுவரில் கை ஊன்றித் தண்டாலும், நாற்காலியில் உட்கார்ந்து எழும் பஸ்கியும் போதும்.

மாணவர்களுக்குக் கணக்கு வேறு. 5 முதல் 17 வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் ஓடியாட வேண்டும். எடைப் பயிற்சி செய்தால் உயரம் வளராது என்பது உண்மையல்ல. தெரிந்தவர் மேற்பார்வையில், வாரம் இரண்டு மூன்று நாள், இடைவெளி விட்டுச் செய்யலாம். தூக்க முடிந்த அதிகபட்ச எடையை முயன்று பார்ப்பதுதான் கூடாது. கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் அறிகுறி அது. சீக்கிரம் உடம்பு ஏறும் என்று யாராவது ஊசியோ மாத்திரையோ கொடுத்தால் தொடக்கூடாது என்பதையும் வகுப்பில் வெளிப்படையாகச் சொல்லலாம். ஸ்டீராய்டு எலும்பு வளர்ச்சியையே முன்கூட்டி நிறுத்திவிடக்கூடும். முட்டை, சுண்டல், வேர்க்கடலை, எட்டு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் போதும்.

ஜிம்முக்குப் போகும் மாணவர்கள் சிலரே. மற்றவர்களுக்கு, குறிப்பாக வீடு திரும்பியதும் வேலைகள் காத்திருக்கும் பெண் குழந்தைகளுக்கு, விளையாட்டுப் பாடவேளைதான் உடலுழைப்புக்குக் கிடைக்கும் நேரம். தேர்வு நெருங்கியதும் நாம் முதலில் கேட்டு வாங்குவதும் அதைத்தான். எங்கள் உடற்கல்வி ஆசிரியர் இந்த ஆண்டு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்: வாங்கிய பாடவேளையை அதே வாரத்துக்குள் திருப்பித் தந்துவிட வேண்டும். அவர் மேசையில் அதற்கென ஒரு நோட்டும் இருக்கிறது.