பசிக்கு எல்லை இல்லாத செல்லம்

கொம்புத் தவளை வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு முதல் பாடம்: அன்பைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள்

கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காது. கொஞ்சினால் பிடிக்காது. பகல் முழுவதும் மண்ணுக்குள் உடம்பைப் புதைத்துக்கொண்டு, கண்ணும் வாயும் மட்டும் தெரிய உட்கார்ந்திருக்கும். ஆனாலும் அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் என்று பல இடங்களில் வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளுக்குள் செல்லமாக வளர்கிறது கொம்புத் தவளை.

இதன் பூர்வீகம் தென் அமெரிக்கா. அர்ஜென்டினா, உருகுவே, தெற்கு பிரேசில் புல்வெளிகளில் ஒரு இனம் வாழ்கிறது. அர்ஜென்டினா, பராகுவே, பொலிவியா நாடுகளில் பரவிக் கிடக்கும் கிரான் சாக்கோ சமவெளியில் இன்னொரு இனம். கொம்பு என்று சொல்லப்படுவது கண்ணிமைக்கு மேல் கூம்பாக நிற்கும் சதைதான். 1980-ல் வந்த வீடியோ விளையாட்டில் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டே ஓடும் வட்ட வாயன் 'பேக்மேன்' பெயரும் இதற்கு உண்டு.

பொருத்தமான பெயர். உடம்பில் பாதி வாய். பூச்சி, எலி, இன்னொரு தவளை என்று எதிரே அசைவதெல்லாம் இரை. அதனால் ஒரு தொட்டிக்கு ஒரு தவளைதான். ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் இதன் நாக்கு ஒட்டும் வலிமையை அளந்தார்கள். அது தவளையின் உடல் எடையையே மிஞ்சியது. தலை நாலரை சென்டிமீட்டர் அகலமுள்ள தவளையின் கடி, சுமார் 3 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம் என்று 2017-ல் வெளியான இன்னொரு ஆய்வு சொன்னது. இரையை விரலால் நீட்டாமல் இடுக்கியால் கொடுப்பது நல்லது.

இந்த வாய்தான் தவளைக்கு எமனும்கூட. காட்டில் அடுத்த இரை எப்போது வரும் என்பது நிச்சயமில்லை. அதனால் வந்ததை விடாமல் விழுங்கும். தொட்டியிலும் அதே பழக்கம். போதும் என்று சொல்லத் தெரியாது. அது பாய்கிற அழகைப் பார்க்க வீட்டாரும் விருந்தாளிகளும் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று போட்டால் கொழுப்பு சேர்ந்து ஆயுள் குறையும். வளரும் குட்டிக்குத்தான் அடிக்கடி தீனி வேண்டும். வளர்ந்த தவளைக்கு வாரம் ஒரு முறை போதும். சில்வண்டும் மண்புழுவும் நல்ல உணவு. எலிக்குஞ்சு எப்போதாவது மட்டும். பூச்சிகள் மீது கால்சியம் தூள் தூவித் தராவிட்டால் எலும்பு வளைந்துபோகும்.

அடுத்தது தண்ணீர். தவளை வாயால் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சுகிறது. குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரினை நீக்கிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். கழிவை உடனே அள்ளாவிட்டால் அதிலிருந்து உண்டாகும் அமோனியாவும் தோல் வழியே உள்ளே போகும். தன் கழிவே தனக்கு விஷமாகிவிடும். தரையில் தென்னை நார்க்கழிவை ஈரமாகப் பரப்பினால் புதைந்துகொள்ள வசதி. கூழாங்கல் கூடாது. இரையோடு விழுங்கினால் குடலை அடைத்துவிடும். வெப்பம் 24 முதல் 28 டிகிரி இருக்கலாம். தொட்டி வறண்டுபோனால் உதிர்ந்த தோலையே உறையாகப் போர்த்திக்கொண்டு அசையாமல் கிடக்கும். செத்துவிட்டது என்று அவசரப்பட்டுத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

கையில் எடுத்து விளையாடுவதும் கூடாது. நம் கையில் உள்ள உப்பும் சோப்பும் அதன் தோலுக்கு ஆகாது. அலுத்துவிட்டது என்று குளத்தில் விடுவது அதைவிடப் பெரிய தவறு. தவளைத் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை, உயிரின வியாபாரத்தோடு நாடு விட்டு நாடு போய், உலகில் 500-க்கும் மேற்பட்ட நீர்நில வாழ்வன இனங்களைக் குறைத்துவிட்டது என்று 2019-ல் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். தொட்டித் தண்ணீரைக்கூட வெளியே கொட்டும் முன் கிருமி நீக்க வேண்டும்.

பிறந்த மண்ணிலும் இதற்கு நிம்மதி இல்லை. 'எஸ்குவெர்சோ' என்று அழைக்கும் அர்ஜென்டினா கிராமத்தார் பலர் இதை விஷப்பிராணி என்று நம்பி, கண்ட இடத்தில் கொன்றார்கள். உண்மையில் இதன் கடியில் வலி உண்டு, விஷம் இல்லை. புல்வெளிகளும் உழவு நிலங்களாகிவிட்டன.

வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கும் குட்டி, பத்தாண்டு தாண்டியும் வாழக்கூடியது. பள்ளிக்கூடப் பையன் ஆசைப்பட்டு வாங்கியது, அவன் கல்லூரி முடிக்கும்போதும் தொட்டியில் இருக்கும். வாரத்துக்கு ஒரு வேளையோடு நிறுத்த வீட்டாருக்கு மனம் வந்தால்.